முதலில் மாமாவின் படம்

கேள்வி: அன்புள்ள அம்மா, எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் அருமனைப் பக்கம். கணவர் ரப்பர் பால் வெட்டுகிறார். இந்த வருஷம் மழை விடாததால் வெட்டு இல்லாத நாட்களே அதிகம். கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு 600 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. 23ஆம் தேதி கொழுந்தனார் குடும்பத்தோடு குவைத்திலிருந்து வருகிறார். மாமா இறந்தபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு இதுதான் முதல் வரவு. வெளிநாட்டு வீடுகளில் குளிர்காயும் அடுப்புக்கு மேலே ஒரு பலகை இருக்கிறதே, அதில் பச்சைக் கொடி, பைன் காய், விளக்கு எல்லாம் வைத்து ஜோடிப்பதை யூடியூபில் பார்த்தேன். எங்கள் முன்னறையில் டிவிக்கு மேலே இருக்கும் சிமெண்ட் பலகையை அதேபோல் என் கையாலேயே செய்து அலங்கரிக்க ஆசை. பிள்ளைகளும் ஆவலாக இருக்கிறார்கள். பலகையின் நடுவில் மாமாவின் படம் இருந்தது (போன ஆனியில் தவறிவிட்டார்). அதை எடுத்து உள்ளறை அலமாரியில் வைத்துவிட்டேன், இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. மாமி ஒன்றும் சொல்லவில்லை. செலவு குறைவாக, ஆனால் பார்ப்பவர்களுக்கு மலிவாகத் தெரியாதபடி என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்: நவம்பர் கடைசி ஆனால் இப்படிக் கடிதங்கள் வந்துவிடும். கையில் காசு இல்லை, வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது, வீடு எடுப்பாக இருக்க வேண்டும். வழக்கமாக என்றால் நட்சத்திரம் கட்டும் முறையையும் பசை காய்ச்சும் முறையையும் எழுதி முடித்துவிடுவேன். உன் கடிதத்தில் அது முடியாது. போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "மாமி ஒன்றும் சொல்லவில்லை."

என்ன சொல்வார், மக்களே? கணவரை அடக்கம் பண்ணி ஆறு மாதம் முழுசாக ஆகாத மனுஷி. வீட்டு நிர்வாகம் இப்போது உன் கையில். பிள்ளைகள் பண்டிகை வருகிறது என்று குதிக்கிறார்கள், இளைய மகன் கடல் தாண்டி வருகிறான். இந்த நேரத்தில் "அவர் படத்தை ஏன் எடுத்தாய்?" என்று வாயைத் திறந்தால் கிறிஸ்துமஸைக் கெடுத்தவள் என்ற பெயர்தான் மிஞ்சும் என்று அவருக்குத் தெரியாதா? அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று நீ எடுத்துக்கொண்டாய். அது உனக்கு வசதியாக இருந்தது. காலையில் எழுந்து முன்னறைக்கு வருகிறவர் முதலில் எங்கே பார்க்கிறார் என்று இந்த ஆறு மாதத்தில் ஒரு நாளாவது கவனித்திருக்கிறாயா?

உன் கணவர் இதற்கு என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை. அவருடைய அப்பா படம்தானே அது? அவரும் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கண்டிப்பில் பாதி அவருக்கு. பத்திரிகையை மடித்து அவர் கையிலும் கொடு.

அடுத்தது கொழுந்தனார். அவர் தன் அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனவர். பெட்டிக்குள் கிடந்த அப்பாவை யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்திருப்பார், அவ்வளவுதான். 23ஆம் தேதி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவருடைய கண் எதைத் தேடும் என்று நினைக்கிறாய்? நீ செய்த பூவையா? அப்பா படம் எங்கே என்று கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறாய்? ஜோடிப்பதற்கு இடம் போதவில்லை, அலமாரியில் வைத்திருக்கிறேன் என்பாயா? பார்ப்பவர்களுக்கு மலிவாகத் தெரியக் கூடாது என்கிறாய். வீட்டுக்குப் பெரியவரை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் பலகையில் எவ்வளவு செலவு செய்தாலும் அந்த வீடு மலிவாகத்தான் தெரியும்.

மரியாதைக் குறைவாக நினைத்து நீ செய்யவில்லை என்று நம்புகிறேன். பதினைந்து ரூபாய் பொருள் ஆனாலும் கையால் செய்து வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு மனசு இல்லாமல் இருக்காது. ஆனால் அந்தப் பலகை உன்னுடையது மட்டும் இல்லை. மாமா பால் வெட்டியோ, தேங்காய் விற்றோ, எப்படியோ சம்பாதித்துக் கட்டிய சுவரில்தானே அது நிற்கிறது? இன்றைக்குச் சாயங்காலமே படத்தை எடு. கண்ணாடியைத் துடை. மாமியிடம் போய், "கேட்காமல் எடுத்துவிட்டேன், தப்பு" என்று சொல். நீட்டி விளக்க வேண்டாம். பிறகு படத்தை உன் கணவர் கையால் பழைய இடத்தில், நடுவில், வைக்கச் சொல். இனி நீ செய்வதெல்லாம் அந்தப் படத்துக்கு இரண்டு பக்கமும்தான்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

பைன் காய் வாங்காதே. குளிர்நாட்டில் அடுப்புப் பலகையில் பைன் கிளையும் காயும் வைக்கிறார்கள் என்றால், அது அவர்கள் கொல்லையில் விழுந்து கிடக்கிறது. உன் வீட்டைச் சுற்றி விழுந்து கிடப்பது ரப்பர். கொட்டை ஆடி, ஆவணியில் வெடித்து விழுந்துவிடும். இப்போது பொறுக்கினால் பாதி முளைத்தோ பூஞ்சை பிடித்தோ இருக்கும். ஆனால் வெடித்த காயின் கட்டை ஓடு மக்காமல் கிடக்கும். மரத்தில் இழைத்த இதழ் மாதிரி வளைந்த துண்டுகள். பிள்ளைகளை அனுப்பி ஒரு கூடை பொறுக்கச் சொல். தேய்த்துக் கழுவி, வெயில் அடிக்கும் நாளில் நன்றாகக் காயவைத்து, துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடை. உள்பக்கம் எண்ணெய் பட்டால் பசை பிடிக்காது. ஆறு துண்டை வட்டமாக ஒட்டி நடுவில் ஒரு கொட்டையை வைத்தால் பூ. கொட்டையின் மேல் இருக்கும் அந்தப் புள்ளி புள்ளியான பழுப்புக்கு வர்ணமே பூச வேண்டாம். தங்கப் பெயிண்ட் அடிக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடு. எனக்கு அது பிடிக்காது, எதை எடுத்தாலும் கடைச் சரக்காக்கிவிடும்.

கொடிக்கு கட்டை விரல் கனத்தில் கயிறு போதும். பலகையின் நீளத்தைவிட ஒரு முழம் கூடுதலாக எடுத்து, இரண்டு முனையும் பக்கவாட்டில் தொங்கும்படி விட்டு, பூக்களை அதில் சணலால் கட்டு. பச்சை இலை எதையும் இப்போதே வைக்காதே. கிணற்றுச் சுவரிலும் ஓடைக்கரையிலும் முளைக்கிற பெரணி அழகுதான், ஆனால் ஒரு நாளில் சுருண்டுவிடும். 24ஆம் தேதி சாயங்காலம் பறித்துக் கயிற்றின் இடைவெளியில் செருகு. குருத்தோலையும் அப்படித்தான், அன்றன்றைக்கு வெட்டினால்தான் நிறம் நிற்கும். முட்டம், குளச்சல் பக்கம் சொந்தம் யாராவது இருந்தால் ஒரு பை சவுக்குக் காய் கேட்டு வாங்கு. பைன் காயை விரல்நுனி அளவுக்குச் சிறிதாக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

விளக்குக்குச் சிரட்டை, அதாவது தேங்காய் ஓடு. கண் இல்லாத பாதியை எடுத்து, நாரைச் சுரண்டி, கண்ணாடித் துண்டாலோ உப்புத்தாளாலோ வழவழப்பாகத் தேய்த்து, சின்ன துளைகள் போடு. உன் கணவரிடம் துரப்பணம் இல்லாவிட்டால் பக்கத்துத் தச்சரிடம் கொடுத்தால் கால் மணி நேர வேலை. உள்ளே எல்இடி சீரியல் செட்டின் இரண்டு மூன்று பல்பைச் செருகிக் கவிழ்த்து வைத்தால் சுவரெல்லாம் வெளிச்சப் புள்ளி விழும். மினுக்கி மினுக்கி எரிகிற செட் வேண்டாம். மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று எரியும் மஞ்சள் வெளிச்சம்தான் பொருத்தம். மெழுகுதிரியைப் பலகையில் ஏற்றாதே. காய்ந்த ஓடு, கயிறு, கீழே டிவி வயர். எல்லோரும் பாதிராத்திரி ஆராதனைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஒன்று சாய்ந்தால் போதும். பனி மாதிரி இலவம்பஞ்சைப் பிய்த்துத் தூவும் யோசனை இருந்தாலும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

பலகைக்கு விரிப்பு வேண்டும் என்றால் கடைக்குப் போகும் முன் மாமியின் பெட்டியில் பழைய லேஸ் ஏதாவது இருக்கிறதா என்று கேள். நம் மாவட்டத்தில் நிறைய வீடுகளில் இருக்கும். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்புறம் முளகுமூடு கான்வென்ட் லேஸும் பேர் வாங்கியது. நம் பாட்டிமார் எத்தனையோ பேருக்குக் கைக்காசு வந்தது அந்த நூலிலிருந்துதான். மஞ்சளடித்திருந்தால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் விரித்துப் போடு. பிளீச்சிங் போட்டால் நூல் இற்றுவிடும். அவர் கொடுக்க மனமில்லாமல் இருந்தால் வற்புறுத்தாதே, அதுவும் அவர் விருப்பம்.

கிறிஸ்துமஸ் குடிலைப் பலகையில் வைக்காமல் அறை மூலையில் தரையில் வை. ஏன் என்றால், குடிலைச் சுற்றி முளைக்கவைக்கும் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், டிவி தலையில் தெளிக்க முடியாது. 13ஆம் தேதி இரவு ஒரு கை கேழ்வரகை ஊறப்போடு. மறுநாள் காலை ஒரு தட்டில் இரண்டு விரல்கடை மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, ஈரச் சாக்கால் மூடு. முளை தெரிந்ததும் சாக்கை எடுத்து வெளிச்சத்தில் வை. பண்டிகைக்கு இளம்பச்சையாக நிற்கும். காய்ந்த தென்னங்கொதும்பை (தென்னம்பாளையின் மூடி) கவிழ்த்து வைத்தால் குடிலுக்குக் கூரை. பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து இந்த வேலையைப் பார்க்கட்டும், நீ ஒதுங்கிக்கொள். கோணலாக இருந்தாலும் பிறகு சரிசெய்யாதே.

காசுக் கணக்கு: சீரியல் செட் 150 ரூபாய்க்குள் முடியும். பசை, சணல், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து இன்னொரு 100 என்று வைத்துக்கொள். மிச்சம் இருப்பதை அலங்காரத்தில் போடாதே. கொழுந்தனார் வந்த மறுநாள் எல்லோரும் கல்லறைக்குப் போவீர்கள், போகாவிட்டால் நீயே கிளப்பிக் கூட்டிப் போ. அதற்கு மெழுகுதிரியும் பூவும் வாங்கு. இந்த மாதத்தில் பிச்சிக்கும் மல்லிக்கும் தோவாளைப் பூச்சந்தையிலேயே விலை தாறுமாறாக ஏறும், அங்கே ஏறினால் மார்த்தாண்டத்திலும் ஏறும். கேந்தியும் கோழிக்கொண்டையும் வாங்கினால் நிறைய கிடைக்கும், கல்லறை நிறைய வைக்கலாம்.

நீ எழுதாமல் விட்ட ஒன்று, வாசலில் தொங்கும் ஸ்டார். துக்கம் நடந்த வருஷத்தில் ஸ்டார் போடாத வீடுகள் நம் ஊரில் உண்டு, போடுகிற வீடுகளும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்துப் போன கையோடு வந்த கிறிஸ்துமஸில் நம் கடற்கரை ஊர்கள் எப்படி இருட்டிக் கிடந்தன என்று உனக்கும் நினைவிருக்கும். கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீட்டில் யாரும் யாரையும் ஸ்டார் போடச் சொல்லவில்லை. உன் வீட்டில் போடுவதா வேண்டாமா என்பதை நீயும் தீர்மானிக்க வேண்டாம், நானும் தீர்மானிக்க வேண்டாம். மாமியிடம் கேள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேள், அப்போதுதான் மனசில் இருப்பதைச் சொல்வார்.

போடலாம் என்றால் கடை ஸ்டார் வாங்காதே. மூங்கிலையோ கமுகையோ மெல்லிசாகச் சீவி, ஒரே நீளத்தில் பத்துக் குச்சி எடுத்துக்கொள். ஐந்து ஐந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஐந்து முனையையும் சேர்த்து இறுக்கு. உள்ளே குச்சிகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் ஒரு சாண் குச்சியைக் குறுக்கே கொடுத்தால் வயிறு புடைத்து நிற்கும். வர்ணக் காகிதம் ஒட்ட மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்ன தீயில் பளபளப்பு வரும்வரை கிண்டு. பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி துத்தம் போடுவார்கள், அது விஷம், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். உள்ளே எல்இடி பல்பு மட்டும். குண்டு பல்பு சூட்டில் காகிதம் கருகும்.

வேண்டாம் என்று அவர் சொன்னால், காரணம் கேட்காதே, முகத்தைத் தூக்காதே. பிள்ளைகளிடம் தாத்தாவுக்காக இந்த வருஷம் மட்டும் என்று சொல்லிவிட்டு, குச்சிகளைக் கட்டிப் பரணில் போடு.