இடப்பக்கம் திரும்பினால் மட்டும் போதுமா?

கேள்வி: அமெரிக்காவின் புகழ்பெற்ற கார் பந்தயத் தொடரான நாஸ்காரை அடிப்படையாகக் கொண்டு 1994இல் வெளிவந்த 'நாஸ்கார் ரேசிங்' கணினி விளையாட்டைப் பலரும் மதிப்புடன் குறிப்பிடுகிறார்கள். நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கமாகவே சுற்றி வருவதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: சுற்றுவது எளிது, சறுக்காமல் சுற்றுவதுதான் கடினம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டில், ஒவ்வொரு சக்கரத்தின் காற்றழுத்தம், பின்புறத் தகட்டின் சாய்வு, கியர் விகிதம் ஆகியவற்றை ஆடுபவரே மாற்றிப் பார்த்து, அதன் விளைவை வளைவுகளில் உணர முடிந்தது. 2.66 மைல் நீளமும் 33 டிகிரி சரிந்த வளைவுகளும் கொண்ட டாலடேகா பந்தயத் தடத்தில், முன்செல்லும் காரை ஒட்டிச் சென்று காற்றின் தடையைக் குறைத்து, தக்க தருணத்தில் விலகி முந்தும் உத்தியும் அதில் இருந்தது. காருக்கு விருப்பம்போல் வண்ணம் தீட்டும் வசதி, என் கணிப்பில், அதன் ஆயுளை நீட்டித்த சிறிய காரணங்களுள் ஒன்று.

குறைகளும் உண்டு. நாஸ்காரின் உரிமம் பெற்றிருந்தும், அப்பந்தயத்தின் தலைமைத் தடமான டேடோனா அதில் இல்லை. அதே காலத்தில் சேகா நிறுவனத்தின் ஆர்கேட் (காசு போட்டு ஆடும் இயந்திர) விளையாட்டு ஒன்று அப்பெயரைத் தாங்கி வலம் வந்தது. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட தெளிவான படத்துக்கு பென்டியம் கணினி தேவைப்பட்டதால், அதற்கு முந்தைய தலைமுறையான 486 கணினி வைத்திருந்தோர் காட்சி நுணுக்கங்களைக் குறைத்தே ஆட வேண்டியிருந்தது.

பாப்பிரஸை நிறுவியவர்களுள் ஒருவரான டேவிட் கெமர், பின்னர் 2008இல் தொடங்கிய ஐரேசிங் இணையப் பந்தயச் சேவையையும் இணைந்து உருவாக்கினார்.