கப்பல்களும் நீர்மூழ்கிகளும்: சேலத்து வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்

இருபத்தெட்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை பார்த்துவிட்டு ஏற்காட்டில் குடியேறியவன் நான். சேலத்திலிருந்து கடல் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆனாலும் கப்பல்களைப் பற்றிக் கேட்க நம் மாவட்டத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. நண்பர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளில் ஒரே செய்தியைக் கேட்டவற்றைச் சேர்த்து, இயன்றவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

சூரமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஐயா, அமெரிக்கக் கடற்படையில் ‘சேலம்’ என்ற பெயரில் ஒரு போர்க்கப்பல் இருந்ததாமே? நம் ஊரின் பெயரா அது?

கப்பல் இருந்தது உண்மை, தம்பி. இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயர் நம் ஊருடையதன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம் நகரத்துடையது. யு.எஸ்.எஸ். சேலம் 1949 மே மாதம் பணியில் சேர்ந்த கனரகக் குரூசர் வகைக் கப்பல். 218 மீட்டர் நீளமும், தானாகக் குண்டு நிரப்பிக்கொள்ளும் 203 மில்லிமீட்டர் பீரங்கிகள் ஒன்பதும் கொண்டது. மத்தியதரைக் கடலில் அமெரிக்காவின் ஆறாவது கடற்படைப் பிரிவுக்குத் தலைமைக் கப்பலாக இருந்தது. இவ்வளவு பெரிய பீரங்கிகளைச் சுமந்தும் ஒருமுறைகூடப் போரில் அவற்றைச் சுடாமலே 1959-இல் ஓய்வு பெற்றது. 1953-இல் கிரேக்கத்தின் அயோனியத் தீவுகள் நிலநடுக்கத்தால் சிதைந்தபோது நிவாரணப் பணிக்கு விரைந்த கப்பல்களுள் இதுவும் ஒன்று. அதன் வாழ்வில் நான் பெரிதாக மதிப்பது அந்த வேலையைத்தான். இப்போது, தான் கட்டப்பட்ட குவின்சி நகரத்திலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது.

கிச்சிப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர்: என் தாத்தாவை ஊரே ‘எம்டன்’ என்றுதான் சொல்லும். அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை வந்து சென்னையில் குண்டு போட்டார் என்று அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையா?

தாத்தா சொன்னதில், முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையில் குண்டு போட்டது வரலாறு, செண்பகராமன் பிள்ளை அதில் வந்தார் என்பது ஆசையில் பிறந்த கதை. செண்பகராமன் பிள்ளை 1914-இன் அந்த மாதங்களில் சூரிச்சிலும் பிறகு பெர்லினிலும் இந்திய விடுதலைக்காக இயங்கிக்கொண்டிருந்தார். செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் திரிந்த ஒரு கப்பலின் தளத்தில் அவர் நின்றிருக்க முடியாது. அவருடைய தொண்டு தன்னளவில் பெரியது. எம்டனைக் கொண்டு அதற்குப் பெருமை சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

எம்டன் 3,600 டன் அளவிலான இலகுரகக் குரூசர். அதில் இருந்தவை 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் பத்துதான். கிழக்காசியாவிலிருந்த ஜெர்மானியக் கடற்படைப் பிரிவிலிருந்து தனியே பிரிந்து வந்து, பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களைப் பிடிப்பதே அதற்கு இடப்பட்ட பணி. தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் மூன்று புகைபோக்கிகள் கொண்ட தம் கப்பலுக்குப் பொய்யாக நான்காவது ஒன்றை நிறுத்தி, தூரத்தில் பார்ப்பவருக்குப் பிரிட்டிஷ் கப்பல் போலத் தோன்றும்படி செய்தார். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைக் குறிவைத்து ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. இரண்டு தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரையிலிருந்த பீரங்கிகள் பதில் சுடத் தொடங்கியபோது அது விலகிப் போய்விட்டது. குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் பார்க்கலாம்.

எரிந்த எண்ணெயின் விலையைவிட அச்சத்தின் விலையே அதிகமாக இருந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாக நகரத்தை விட்டு வெளியேறினார்கள். ஆங்கிலேயரின் கடல் அசைக்க முடியாதது என்ற எண்ணம் ஒரே இரவில் ஆட்டம் கண்டது. ஆகவேதான் ஒரு ஜெர்மானிய ஊரின் பெயர் தமிழில் ‘எளிதில் பிடிபடாத கெட்டிக்காரன்’ என்ற பொருளில் தங்கிவிட்டது. முல்லர் தாம் பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைக் கொல்லாமல் பத்திரமாக அனுப்பிவைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். எதிரி நாட்டுப் பத்திரிகைகளே அவரைப் பாராட்டி எழுதின.

அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்தில் ஜெம்ச்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்த எம்டன், நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளில் தந்திக் கம்பியை அறுக்க ஆட்களை இறக்கியபோது ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் சிக்கியது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை, அதன் வேகமும் அதிகம். கப்பல் மூழ்காமல் இருக்க முல்லர் அதைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். அதற்குள் 130-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கரையில் இறங்கியிருந்த ஐம்பது பேர் ‘ஆயிஷா’ என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறித் தப்பி, அரேபியா வழியாக கான்ஸ்டான்டினோபிள் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆத்தூரிலிருந்து ஓர் அம்மா: என் மாமனார் சிறுவயதில் மலாயா தோட்டத்துக்குப் போனவர். கடைசிக் காலத்தில் ‘ரஜூலா, ரஜூலா’ என்று அடிக்கடி சொல்வார். ஏதோ பெண்ணின் பெயர் என்று வீட்டில் நினைத்துவிட்டோம். கப்பல் என்று இப்போது ஒருவர் சொல்கிறார்.

கப்பல்தான், அம்மா. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழித்தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய பயணிகள் கப்பல் அது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்கு அனுமதி இருந்தது. தளப் பயணி என்றால் அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாயை விரித்த இடமே வீடு. மலாயாவுக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் அதிகமாக நடமாடிய மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு ஆகியவற்றோடு நம் சேலமும் ஒன்று. ஊரிலிருந்து கூட்டிச் செல்லப்பட்டவர்களை நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த முகாம்களில் தங்கவைத்துப் பரிசோதித்துவிட்டுக் கப்பலேற்றுவார்கள். பினாங்கு சேர்ந்ததும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக மறுபடியும் தனித்து வைப்பதுண்டு. 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்புக்குத் தடை விதித்தது. தங்கள் மாமனார் எந்த ஆண்டு போனார் என்று கணக்கிட அந்தத் தேதி உதவும்.

ரஜூலாவுக்கு ஒரு சகோதரிக் கப்பல் இருந்தது, பெயர் ரோனா. அதே ஆண்டில் பிறந்து, அதே வழியில் ஓடி, போர்க்காலத்தில் படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றப்பட்டது. 1943 நவம்பர் 26-இல் அல்ஜீரியாவுக்கு அப்பால், வானொலியால் இயக்கப்பட்ட ஜெர்மானியக் குண்டு ஒன்று தாக்கி மூழ்கியது. அமெரிக்க வீரர்கள் மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்திய மாலுமிகளும் இறந்தார்கள். ஆயுதம் புதியதாக இருந்ததால் அமெரிக்கா நெடுங்காலம் அந்தச் செய்தியை வெளியிடவில்லை. நம் ஊர்க்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருந்த தளங்களைக் கொண்ட ஒரு கப்பலுக்கு அப்படியொரு முடிவு நேர்ந்தது. ரஜூலா மட்டும் போரைக் கடந்து வந்து 1973 வரை அந்த வழியில் உழைத்தது. அதற்குப் பின் அந்தத் தடத்தில் ஓடிய ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் உயிரிழந்தனர்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர்: இரும்பு மூழ்கும், இரும்புக் கப்பல் மிதக்கும். என் மகனுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

பட்டறையிலேயே காட்டிவிடலாம். ஒரு வெள்ளிக் கட்டியைத் தண்ணீரில் போடுங்கள், அடியில் போய் உட்காரும். அதே எடையுள்ள வெள்ளியைத் தட்டிக் கிண்ணமாக்கி வைத்தால் மிதக்கும். கிண்ணம் தள்ளிவிடும் தண்ணீரின் எடை கிண்ணத்தின் எடைக்குச் சமமாவதே காரணம். அப்படியே அந்தக் கிண்ணத்தின் விளிம்பில் நான்கு கொலுசுகளைத் தொங்கவிட்டால் அது கவிழ்வதையும் காட்டுங்கள், ஏனென்றால் மிதப்பது வேறு, நிமிர்ந்து நிற்பது வேறு. ஸ்வீடன் அரசரின் வாசா கப்பல் இரண்டு தளம் நிறையப் பீரங்கிகளோடு 1628 ஆகஸ்ட் 10-இல் முதன்முதலாகப் புறப்பட்டு, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் ஒரு காற்று வீச்சில் சாய்ந்து மூழ்கியது. மேற்பகுதி கனம், அடிப்பகுதியில் பாரம் போதவில்லை. முன்னதாக முப்பது பேரைத் தளத்தில் இப்புறமும் அப்புறமும் ஓடவிட்டுச் சோதித்தபோதே கப்பல் ஆபத்தாக ஆடியது. சோதனையைத்தான் நிறுத்தினார்கள், பயணத்தை நிறுத்தவில்லை. 1961-இல் மேலே தூக்கப்பட்ட அந்தக் கப்பலை ஸ்டாக்ஹோமில் காணலாம்.

இரும்பாலைக் குடியிருப்பிலிருந்து: புதிய விக்ராந்த் நம் சேலம் இரும்பாலைத் தகடுகளால் கட்டப்பட்டது என்று பெருமையாகப் பேசிக்கொள்கிறோம். சரிதானே?

பெருமைக்கு இடமுண்டு, ஆனால் செய்தியைத் திருத்திக்கொள்ள வேண்டும். 2022 செப்டம்பர் 2-இல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்கு, டி.எம்.ஆர். 249 என்ற சிறப்பு எஃகு ஏறத்தாழ 30,000 டன், நம் ஆலையையும் நடத்தும் செயில் என்ற அரசு எஃகு நிறுவனத்திலிருந்து சென்றது. அதை உருட்டியவை பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகள். நம் ஆலையின் தொழில் துருப்பிடிக்காத எஃகு; நாணயம் அச்சடிக்க வில்லைகள் வெட்டித் தந்த ஆலை அது. இன்னொன்றும் சொல்கிறேன்: எஃகு உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய தீக்கற்கள் செய்வதற்கு, நம் வெள்ளைக்கல் குன்றுகளின் மேக்னசைட்டைச் சுட்டு அனுப்புவது இங்கே நூறாண்டுத் தொழில்.

மேட்டூரிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி: விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியைப் பார்த்தேன். அது எவ்வளவு ஆழம் போகும்? நம் அணையில் மூழ்க முடியுமா?

நல்ல கேள்வி, அம்மா. நம் அணை நிரம்பி வழியும்போது நீர்மட்டம் 120 அடி, அதாவது முப்பத்தாறரை மீட்டர். குர்சுராவின் நீளமோ 91 மீட்டர்; கிடைமட்டமாக மூழ்கலாமே தவிர, அது ஆழமாக இறங்கிச் செல்ல அங்கே இடம் இல்லை. அந்த வகை நீர்மூழ்கி போகக்கூடிய ஆழம் 250 மீட்டரை ஒட்டியது. சேலம் நகரம் கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ அழுத்தம் கூடும். ஆகவே அந்த ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டின்மேல் 250 டன் உட்காரும். நீ குனிந்து நுழைந்த வட்டக் கதவுகள் அத்தனை சிறியவையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீருக்குள் டீசல் எஞ்சினுக்குக் காற்று கிடைக்காது என்பதால் மின்கலங்களே கப்பலை ஓட்டும். அவை தீர்ந்ததும் மேற்பரப்புக்கு அருகே வந்து மூச்சுக்குழாயை நீட்டி, எஞ்சினை ஓட்டி மின்னேற்றிக்கொள்ள வேண்டும். எதிரி காத்திருப்பது அந்த நேரத்துக்காகத்தான். 1969 டிசம்பரில் பணிக்கு வந்த குர்சுராவில் 75 பேர் அளவில் இப்படி வாழ்ந்து 2001 வரை உழைத்தார்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: 1971-இல் மூழ்கிய காஸியைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். குக்ரியைப் பற்றி யாருமே சொல்வதில்லை. இரண்டையும் விளக்க வேண்டுகிறேன்.

இரண்டையும் சேர்த்துக் கேட்டதற்கு நன்றி, ஐயா. காஸி, அமெரிக்காவின் டயாப்லோ என்ற நீர்மூழ்கியாகப் பிறந்து பாகிஸ்தானுக்குப் போனது. வங்காள விரிகுடா வரை வந்து திரும்பும் தொலைவுத் திறன் அவர்களிடம் அதற்கு மட்டுமே இருந்தது. நம் விமானந்தாங்கியான பழைய விக்ராந்தைத் தேடியே நவம்பர் நடுவில் கராச்சியை விட்டுப் புறப்பட்டது. கொதிகலன் விரிசலால் வேகம் குறைந்திருந்த விக்ராந்தை நம் கடற்படை அந்தமானில் மறைத்துவைத்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்துக்கு அப்பால் நிறுத்தி, விக்ராந்த் பேசுவது போல வானொலிச் செய்திகளை அனுப்பவைத்தது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே பெரும் வெடியோசை கேட்டது. காஸியிலிருந்த 93 பேரும் மாண்டார்கள். ராஜ்புத் வீசிய ஆழ்வெடிகளால் மூழ்கியது என்பது நம் தரப்பு. தான் விதைத்த கண்ணிவெடியாலோ உள்ளே நேர்ந்த வெடிப்பாலோ மூழ்கியது என்பது அவர்கள் தரப்பு. என் தீர்ப்பைக் கேட்டால், காஸியை அந்த இடத்துக்கு வரவழைத்த ஏமாற்றுத் திட்டமே நம் வெற்றி என்பேன். மற்றது அதற்குப் பிறகுதான்.

ஆறு நாட்கள் கழித்து, டிசம்பர் 9 இரவில், டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி நம் குக்ரியை டார்பிடோவால் தாக்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஒரு நீர்மூழ்கி போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுவே முதன்முறை. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். தலைவர் மகேந்திர நாத் முல்லா, தப்ப முடிந்தவர்களைத் தப்பவைத்துவிட்டுத் தாம் கப்பலோடு போனார். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. காஸியைப் பேசும் ஒவ்வொரு மேடையிலும் குக்ரியையும் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வென்ற இரவை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி, இழந்த 194 பேரை விட்டுவிடுவது நியாயமன்று. டையூவில் கடலைப் பார்த்தபடி அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது.

ஒண்டிக்கடையிலிருந்து ஒரு படகோட்டி: டைட்டானிக் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது, அண்ணா?

ஏறத்தாழ 3,800 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து நம் ஏற்காட்டின் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு.

ஓமலூரிலிருந்து: பழைய விக்ராந்தை ஏன் உடைத்தார்கள்? அதன் இரும்பில் செய்த வண்டி என்று சொல்லித்தான் பஜாஜ் வி பைக்கை வாங்கினேன். இப்போது பழைய இரும்புக்குப் போட எண்ணுகிறேன்.

1961 மார்ச் 4-இல் பெல்ஃபாஸ்ட்டில் நம் கொடியேற்றிய அந்தக் கப்பல் 1997 ஜனவரியில் ஓய்வு பெற்றது. 2012 வரை மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. அடித்தகடுகள் அரித்துப்போய், பராமரிக்கும் செலவை யாரும் ஏற்காததால் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. 2014 நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த உலோகத்தில் ஒரு பங்கை வாங்கி உருக்கிச் சேர்த்ததுதான் 2016-இல் வந்த தங்கள் வண்டியின் பெட்ரோல் தொட்டி. 1971 டிசம்பரில் காக்ஸ் பஜார் மீதும் சிட்டகாங் மீதும் விமானங்களை ஏவிய கப்பல் அது. என்னைக் கேட்டால், வண்டியை எடைக்குப் போட்டாலும் அந்தத் தொட்டியை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.