ஜிம் ஊசியும் ஜீரோ கவுன்ட்டும்: டாக்டர் பதில்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு 32 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், மும்பை செம்பூரில் குடியிருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் எல்லாரும் என் மனைவியைத்தான் கேட்கிறார்கள். அவளுக்குக் கருக்குழாய் டெஸ்ட், லேப்ராஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை. இப்போது எனக்கு விந்துப் பரிசோதனை செய்ததில் விந்தணு ஒன்றுகூட இல்லை என்று வந்திருக்கிறது. ஜிம் டிரெய்னர் சொல்லி ஒன்றரை வருடமாக வாராவாரம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறேன். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகமாகவே இருக்கிறது, தாம்பத்தியத்திலும் பிரச்சினை இல்லை. ஆண் ஹார்மோன் இவ்வளவு இருந்தும் அணு எப்படி இல்லாமல் போகும்?

பதில்: தம்பி, அந்த ஊசிதான் காரணமாக இருக்க வேண்டும். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அது எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பித்தான் விரைகளை வேலை வாங்குகிறது. ஒன்று டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வைக்கும், இன்னொன்று அணு உற்பத்திக்குத் துணை நிற்கும். நீங்கள் வெளியிலிருந்து ஊசியாகப் போட்டதும் ரத்தத்தில்தான் நிறைய இருக்கிறதே என்று பிட்யூட்டரி இரண்டையும் நிறுத்திவிடுகிறது. தினமும் வாசலுக்குச் சாப்பாட்டு டப்பா வந்துகொண்டிருந்தால் வீட்டில் யார் அடுப்பு பற்றவைப்பார்கள்? அணு உருவாக விரைக்குள்ளே ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் இருக்க வேண்டும், அதை விரையே சுரந்தால்தான் உண்டு, இடுப்பில் போடும் ஊசி அந்த அளவுக்கு அங்கே போய்ச் சேராது. விரை கொஞ்சம் சுருங்கியிருப்பதை நீங்களே கவனித்திருக்கலாம். இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்து 1990-ல் முடிவை வெளியிட்டது. போட்டுக்கொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆறு மாதத்தில் அணு அடியோடு நின்றுவிட்டது. கருத்தடை ஊசியைப் போட்டுக்கொண்டே குழந்தைக்குக் காத்திருந்திருக்கிறீர்கள், டிரெய்னருக்கு இது தெரியுமா என்பதே சந்தேகம்.

சரி, இனி என்ன? ஊசியை நிறுத்த வேண்டும், ஆனால் டிரெய்னரிடம் கேட்டு அல்ல, ஹார்மோன் டாக்டரையோ, ஆண்களின் இனப்பெருக்கப் பிரச்சினைகளைப் பார்க்கிற ஆண்ட்ராலஜிஸ்டையோ பார்த்து. நிறுத்தியதும் சில மாதம் சோர்வு, எரிச்சல், ஆசைக் குறைவு வரும், அதைத் தாங்க முடியாமல் திரும்ப ஊசிக்கே போகிறவர்கள் அதிகம். பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் அணு திரும்ப வருகிறது, சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். சீக்கிரம் வரவழைக்க எல்.ஹெச். செய்யும் வேலையைச் செய்கிற ஹெச்.சி.ஜி. ஊசியோ, பிட்யூட்டரியைத் தூண்டுகிற குளோமிஃபீன் மாத்திரையோ கொடுப்பார்கள். குளோமிஃபீன் பெண்களுக்கான மாத்திரை என்று மெடிக்கல் கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கக்கூடும், பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த டிரெய்னர் வேறு என்னென்ன கொடுத்தார் என்பதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒரு அணு உருவாகி முடிக்கவே ஏறக்குறைய 74 நாள் ஆகும், அதனால் மாதாமாதம் டெஸ்ட் எடுத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். விந்து வெளியேறி இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே சாம்பிள் கொடுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், பத்லாபூரில் எடுத்து தாதருக்கு லோக்கல் ரயிலில் கொண்டுபோகிற கதையெல்லாம் நடக்காது.

இன்னொன்று. ஒரு கப்பில் முடிகிற உங்கள் டெஸ்டுக்கு முன்னால் உங்கள் மனைவிக்கு வயிற்றில் துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அடுத்த கொடைக்கு யாராவது அவரைக் கேட்டால் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் அணு இல்லை. எஃப்.எஸ்.ஹெச். 28, விரை சிறியது. ஒரு மருத்துவமனையில் ஹார்மோன் ஊசி ஆறு மாத கோர்ஸ் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். போடலாமா? (வாசகர், சயான் கோலிவாடா)

பதில்: அவசரப்படாதீர்கள். எஃப்.எஸ்.ஹெச். இவ்வளவு அதிகமாக இருக்கிறது என்றால், உங்கள் பிட்யூட்டரி ஏற்கெனவே முழு மூச்சாக ஹார்மோனை அனுப்புகிறது, கோளாறு விரையில். இருப்பதற்கு மேல் இன்னும் ஊற்றிப் பெரிய பலன் இருக்காது. முதலில் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதி இருக்கிறதா என்ற பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஒரு எக்ஸ் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை இதில் அடிக்கடி தெரியவரும். அப்படி இருந்தாலும் மைக்ரோ-டீஸி என்ற அறுவை சிகிச்சையில் விரைக்குள்ளிருந்தே சிலருக்கு அணு எடுக்க முடிகிறது, அதை வைத்து இக்ஸி, அதாவது ஒரு அணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்துகிற முறை, செய்யலாம். பணம் கட்டுவதற்கு முன் வேறொரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மீசை சரியாக வரவில்லை, குரல் உடையவில்லை. சின்ன வயதிலிருந்தே வாசனையும் தெரியாது, அடுப்பில் பால் தீய்ந்தால்கூட எழுந்து வர மாட்டான். பெண் பார்க்கத் தயங்குகிறோம். (வாசகி, டோம்பிவிலி)

பதில்: அம்மா, வாசனை தெரியாததை எழுதினீர்களே, நல்லது. பருவ வளர்ச்சியும் வராமல் மூக்கும் வேலை செய்யாமல் இருந்தால் கால்மன் சிண்ட்ரோம் என்று சந்தேகிக்க வேண்டும், பிட்யூட்டரிக்கு மூளையிலிருந்து உத்தரவு வராத பிறவிக் கோளாறு அது. காலை நேரத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச்., பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் பாருங்கள், எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். ஆண்களின் மலட்டுத்தன்மையில் ஹார்மோன் சிகிச்சை நன்றாகக் கைகொடுப்பது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான். மீசை, குரல், உடல்வாகுக்கு இப்போது டெஸ்டோஸ்டிரோன் கொடுக்கலாம். குழந்தை வேண்டும் என்கிற காலத்தில் அதை நிறுத்திவிட்டு ஹெச்.சி.ஜி., சில மாதம் கழித்து கூடவே எஃப்.எஸ்.ஹெச். ஊசி என்று போவார்கள். வாரத்தில் இரண்டு மூன்று ஊசி, ஒன்று இரண்டு வருடம்கூட இழுக்கும், செலவும் உண்டு. அணு குறைவாக வந்தாலே பலருக்கு இயல்பாகக் கரு தங்கிவிடுகிறது. பெண் பார்க்கலாம், பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.