இன்ஜின் ரூம் கேள்வி – பதில்: முள் எங்கே நிற்க வேண்டும்?

கேள்வி: எங்கள் விசைப்படகில் பழைய ஆறு சிலிண்டர் லேலண்ட் இன்ஜின். ஹீட் எக்ஸ்சேஞ்சர் உண்டு. வலை இழுக்கும்போது சூடு 82, 84 என்று வரும். பயந்துபோய்ச் சொன்னதும் மெக்கானிக் தெர்மாஸ்டாட்டையே கழற்றிவிட்டார். இப்போது 60ஐத் தாண்டுவதில்லை. ஆனால் வெள்ளைப் புகை அதிகம், ஆயிலும் சீக்கிரம் பசை மாதிரி ஆகிறது. பக்கத்துப் படகில் கடல் தண்ணீரே நேராக இன்ஜினுக்குள் போகிறது. அதுவும் 60லேதான் ஓடுகிறது, ஒரு குறையும் இல்லையே?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தெர்மாஸ்டாட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டார், ஸ்பேனர் பெட்டியில் தேடிப் பாருங்கள். தண்ணீர் குறிப்பிட்ட சூட்டுக்கு வந்த பிறகே குளிர்விக்கும் பக்கம் வழிவிடும் வால்வு அது. அதைத் திரும்பப் போட்டாக வேண்டும். 82 டிகிரி செல்சியஸ் உங்கள் இன்ஜினுக்கு ஆரோக்கியமான சூடு.

பக்கத்துப் படகோடு ஒப்பிடாதீர்கள். அந்த இன்ஜினுக்கு 60 நல்லது என்பதால் அப்படி ஓட்டவில்லை, வேறு வழியில்லை. கடல் தண்ணீர் 65, 70 டிகிரிக்கு மேல் சூடேறினால் அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் சுவரில் படிய ஆரம்பிக்கும், கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக ஒட்டுமே, அதுபோல. பிறகு அதைச் சுரண்டவும் முடியாது. அதனால்தான் அந்த வகை இன்ஜினுக்கு 60 டிகிரியை ஒட்டித் திறக்கும் தெர்மாஸ்டாட் போடுவார்கள்.

உங்களுடையதில் இன்ஜினைச் சுற்றுவது கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர். கடல் தண்ணீர் எக்ஸ்சேஞ்சரோடு நின்றுவிடும், அங்கே குழாய்ச் சுவர் வழியாக நல்ல தண்ணீரின் சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும். அடியில் குழாய் ஓடும் கீல் கூலிங் படகுக்கும் இதே கணக்குதான். இவை 75 முதல் 85 வரை தாராளமாக ஓடலாம், ஓடவும் வேண்டும்.

பழைய டீசல் இன்ஜினைக் குளிரவே ஓட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். டீசல் முழுதாக எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகிறது. எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும். ஈரம் ஆவியாகாமல் ஆயிலோடு கலந்து வண்டலாகும். லைனரும் ரிங்கும் தேய்ந்த பிறகு, "லேலண்ட் இவ்வளவுதான்" என்று பழி இன்ஜின் மேல் விழும். இன்னொன்று: சில இன்ஜின்களில் தெர்மாஸ்டாட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி (தண்ணீர் குளிரப் போகாமல் நேராக இன்ஜினுக்கே திரும்பும் வழி) மூடும். அவற்றில் அதைக் கழற்றினால், சூடான தண்ணீர் குளிரப் போகாமல் உள்ளேயே சுற்றி, பாரம் ஏறும்போது சூடு கூடிவிடும்.

போடும் முன் சோதித்துவிடுங்கள். நூலில் கட்டி, அடி தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வையுங்கள். மேலே பொறித்திருக்கும் எண்ணை ஒட்டி வாய் திறக்க வேண்டும். (வீட்டில் சாம்பார் வைக்கும் பாத்திரம் வேண்டாம். திட்டு உங்களுக்கு மட்டுமில்லை, எனக்கும் சேர்ந்து விழும்.)

நான் எண்ணைவிட மாற்றத்தைத்தான் கவனிப்பேன். அதே சுற்றில், அதே பாரத்தில் வழக்கமாக 82ல் நிற்கும் முள், சில வாரங்களில் மெதுவாக 88க்குப் போனால் எங்கோ அடைப்பு வளர்கிறது: எக்ஸ்சேஞ்சர் குழாயில் படிவு, தேய்ந்த இம்பெல்லர் (கடல் தண்ணீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்), கீல் குழாயில் ஒட்டிய கொட்டலசு. அந்தக் குழாய்மேல் கனமாகப் பெயின்ட் பூசுவதும் கெடுதல்தான். திடீரென்று ஏறினால் வேறு கதை. பெல்ட் அறுந்திருக்கும், அல்லது தண்ணீர் எடுக்கும் வாயில் பிளாஸ்டிக் பையோ சொறி மீனோ அப்பியிருக்கும். கறுப்புப் புகையோடு ஏறினால் இன்ஜினைப் பார்க்கும் முன் புரொப்பல்லரைப் பாருங்கள், வலையோ கயிறோ சுற்றியிருக்கலாம்.

ஏறிவிட்டது என்றால் பாரத்தைக் குறையுங்கள். கொதிக்கும்போது மூடியைத் திறப்பதும், பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடவே கூடாது. முதலாவதில் முகம் வெந்துவிடும், இரண்டாவதில் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

கேள்வி: பழைய படகு ஒன்று வாங்கினேன். மீட்டரில் 180 காட்டுகிறது. இன்ஜின் வெடித்துவிடுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வெடிக்காது. பழைய மீட்டர்களில் பாரன்ஹீட் அளவு உண்டு. 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் 82 வரும். ஆனாலும் பழைய மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைத் தெர்மாஸ்டாட் மூடியில் பெயின்ட் அடித்த இடத்தில் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைத்துச் சொல்லும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் இன்ஜின் சும்மா கிடக்கிறது. என்ன செய்து வைக்க வேண்டும்?
– வாசகர், இராமேஸ்வரம்

பதில்: பலரும் ஜூன் 14 அன்று ஆயில் மாற்றுகிறார்கள். அதை ஏப்ரலிலேயே, படகு நின்றவுடன் செய்யுங்கள். அழுக்கு ஆயில் பேரிங்கில் ஊறிக் கிடக்க வேண்டாம். கடல் தண்ணீர் போகும் வழியை நல்ல தண்ணீரால் அலசுங்கள். இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் இதழ்கள் மடங்கியபடியே நின்றுவிடும். இதழ் ஏதாவது உடைந்திருந்தால் துண்டு கையில் கிடைக்கும்வரை தேடுங்கள், பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சர் வாயில்தான் சிக்கியிருக்கும். டீசல் டேங்கின் அடித் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

அப்புறம் எக்ஸ்சேஞ்சரில் உள்ள ஜிங்க் துண்டு. எக்ஸ்சேஞ்சர் அரிக்காமல் இருக்க, அதற்குப் பதிலாகக் கரைவதற்கென்றே வைத்திருப்பது அது. பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சமும் கரையாமல் புதிதாகவே இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். மரையில் பெயின்டோ டேப்போ இருந்து மின் தொடர்பு விட்டுப்போயிருக்கும். அப்படியானால் அதற்குப் பதில் எக்ஸ்சேஞ்சர்தான் கரைந்துகொண்டிருக்கிறது. மரையைச் சுத்தம் செய்து, உலோகம் உலோகத்தில் படும்படி முடுக்குங்கள்.