மேலே சைக்கிள் இருப்பது மறந்துவிடும்

கேள்வி இதுதான்: பொள்ளாச்சியிலிருந்து மலம்புழாவுக்கு, சின்ன ஹேட்ச்பேக் காரின் மேல் ரேக் மாட்டி இரண்டு சைக்கிள் கொண்டுபோகலாமா, வழியில் கழன்று விழுந்துவிடுமா?

தாராளமாகக் கொண்டுபோகலாம். சரியாகக் கட்டினால் விழாது. எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, அதே ரோடுதான். அணையைச் சுற்றிக் கவா பக்கம் சைக்கிள் ஓட்டுவதற்காக நாலு வருடம் இப்படித்தான் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாளும் விழவில்லை. ஆனால் என் சைக்கிளை நானே உடைத்தேன். ஹைவேயில் இல்லை, பொள்ளாச்சியில் மச்சான் வீட்டு வாசலில், நடக்கிற வேகத்தில்.

மலம்புழாவில் காலையில் ஓட்டிவிட்டு நேராக மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போனோம். நல்ல பசி. கேட் திறந்திருந்தது. மச்சானின் பையன் போர்ட்டிகோவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான். மாமா வந்த சந்தோஷம் போல என்று நானும் பதிலுக்குக் கையை ஆட்டிக்கொண்டே வண்டியை உள்ளே விட்டேன். தகரப் பெட்டியை மிதித்த மாதிரி ஒரு சத்தம். "மாமா, மேல சைக்கிள் இருக்குதுனுதானே கையக் காட்டுனேன்!" என்றான். மச்சான் வெளியே வந்து பார்த்துவிட்டு, "முதல்ல வந்து சாப்பிடுங்க மாப்பிள்ளை, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹேண்டில்பார் போர்ட்டிகோ விளிம்பில் மாட்டிக்கொண்டது. கார் முன்னே போக, சைக்கிள் அங்கேயே நிற்க, முன்பக்கக் குறுக்குக் கம்பி கதவு விளிம்பைப் பிடித்திருந்த கொக்கியோடு பின்னால் நழுவியது. கூரையில் இரண்டு நீளக் கோடு, பெயின்ட் உரிந்து தகரம் தெரிந்தது. நடுவில் ஒரு சொட்டை. ஃபோர்க் வளைந்து, முன்சக்கரம் ஃபிரேமில் உரசியது. காருக்கான இன்சூரன்ஸில் மேலே ஏற்றிய சைக்கிள் சேராது என்றார்கள். கூரைக்கு மட்டும் கிளெய்ம் போட்டிருக்கலாம். ஆனால் ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத போனஸ் போய்விடும் என்பதால் கைக்காசைப் போட்டுத்தான் சரிசெய்தேன்.

கணக்கைப் பாருங்கள். ஹேட்ச்பேக் உயரம் ஏறக்குறைய 1.5 மீட்டர். ரேக்கும் தட்டும் ஒரு 15 சென்டிமீட்டர். இரண்டு சக்கரத்தோடும் நிற்கிற சைக்கிள் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 2.7 மீட்டர் பக்கம் வந்துவிடும். காரின் அகலமும் நீளமும் நமக்குக் கை கால் மாதிரி பழகிப்போயிருக்கும். உயரத்தை நாம் யோசித்ததே இல்லை, இத்தனை நாள் யோசிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. சிட்டியில் மால்களின் பேஸ்மென்ட் பார்க்கிங், லாட்ஜ் போர்ட்டிகோ, டிப்பர் லாரி நுழையாமல் இருக்க வாய்க்கால் ரோட்டில் நட்டிருக்கிற இரும்புச் சட்டம், ரயில்வே லைனுக்கு அடியில் போகிற சின்னப் பாலம், எல்லாமே சந்தேகம்தான். பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது ஓரத்துப் புளியமரக் கிளையும் அப்படியே. சைக்கிள் ஏற்றிய பிறகு ஒரு தடவை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை எழுதி ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அதுமட்டும் போதாது, ஒட்டின காகிதமும் நாலு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். அந்த விபத்துக்குப் பிறகு நான் செய்தது வேறு. சைக்கிள் மேலே இருக்கிற அன்று ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவேன். திருப்பும்போதெல்லாம் கையில் தட்டுப்படும், எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் தேவை. அப்புறம், கிளம்பும்போது வீட்டு கேட்டைப் பூட்டிவிட்டே கிளம்புவோம். திரும்பி வந்து இறங்கித்தான் திறந்தாக வேண்டும்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் கிழக்கே பாயும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை. பொள்ளாச்சி - கோவை ரோடு தெற்கு வடக்காகப் போவதால் அங்கே காற்று பக்கவாட்டில் அறையும். லாரியைத் தாண்டி முடிக்கிற நொடியில், அதுவரை மறைந்திருந்த காற்று சட்டென்று விழும்போது ஸ்டியரிங் கையில் இழுக்கும். வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும், அதாவது 60-லிருந்து 90-க்குப் போனால் அவ்வளவு வித்தியாசம். ரேக்கும் அத்தனையையும் தாங்கியாக வேண்டும், பெட்ரோலும் குடிக்கும். நான் 70-ஐத் தாண்டுவதில்லை.

மாட்டும்போது ஒரு விஷயம். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் கூரையில் தெரிகிற ரெயில் வெறும் அழகுக்கு ஒட்டியது. அதில் ரேக்கை மாட்டினால் ரெயிலோடு சேர்ந்து பிய்ந்துவரும். காருடன் வந்த புத்தகத்தில் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று இருக்கும். ரேக்கின் எடையும் அந்தக் கணக்கில்தான். கட்டி முடித்ததும் சைக்கிளைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். சைக்கிள் தனியாக ஆடக் கூடாது, காரும் சேர்ந்து ஆட வேண்டும். கோபாலபுரம் தாண்டினதும் ஒரு டீக்கு நிறுத்தி இன்னொரு தடவை உலுக்குங்கள், புது ரேக் முதல் அரை மணி நேரத்தில்தான் இளகும். பாட்டில், பம்ப், பை எல்லாம் காருக்குள்ளேயே இருக்கட்டும். கார்பன் ஃபிரேம் என்றால் குழாயைக் கவ்விப் பிடிக்கிற வகை ரேக் வேண்டவே வேண்டாம், சக்கரத்தைப் பிடிக்கிற வகை வாங்குங்கள்.

டிக்கியில் தொங்கவிடுகிற வகையில் உயரத் தொல்லை இல்லை. ஆனால் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையும், போலீஸ் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது.

இரண்டே பேர் என்றால் ரேக்கே வாங்காதீர்கள். பின்சீட்டை மடக்கி, சக்கரங்களைக் கழற்றி, நடுவில் பழைய போர்வையைப் போட்டால் இரண்டு சைக்கிளும் ஹேட்ச்பேக்குக்குள் அடங்கும். நாங்கள் இப்போது அப்படித்தான் போகிறோம். செயினை வெளிப்பக்கமாக வைத்துவிடாதீர்கள், சீட்டில் பட்ட கிரீஸ் எங்கள் வண்டியில் இன்னும் போகவில்லை.