எழுதாத வழக்கத்த கவர்மெண்ட் தன்னிஷ்டத்துக்கு மாத்தலாமா? கேளுங்க, சொல்றேன்

முப்பது வருஷம் நம்ம மொரிஷியஸ் சர்க்கார் ஃபைலோட குடும்பம் நடத்தி ரிட்டயர் ஆனவன் நான். சட்டசபைல பேசாமலே வழக்கத்த மாத்தலாமான்னு ஆளாளுக்கு கேட்டீங்க.

ரோஸ்ஹில் தம்பி: ஐயா, எங்க டிபார்ட்மென்ட்ல தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் மத்தியானமே விட்டுடுவாங்க, சர்க்குலர்லாம் கிடையாது. இந்த வருஷம் நாலு மணி வரைக்கும் உக்காருன்னுட்டாங்க. செல்லுமா?

பதில்: செல்லும் தம்பி. சட்டமா போட்டதத்தான் சட்டசபைல மாத்தணும், 2025 பட்ஜெட்ல பென்ஷன் வயச 60லருந்து 65ஆக்க அங்கதான் போனாங்க. ஆனா உங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா, அதான் பாயிண்ட். 1984ல இங்கிலாந்துல தாட்சர் கவர்மெண்ட் ஜிசிஹெச்க்யூங்கற உளவு ஆபீஸ்ல இனி வெளி யூனியன் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, வேலை கண்டிஷன மாத்துறதுக்கு முன்னாடி யூனியன கலந்து பேசறது அங்க வருஷக்கணக்கா இருந்த பழக்கம், அன்னைக்கு மட்டும் பேசல. கேஸ் அப்ப அங்க கடைசி கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் வரைக்கும் போச்சு, நாள்பட்ட பழக்கம் இருந்தா அத எதிர்பார்க்க நியாயம் உண்டுன்னு ஜட்ஜுங்க ஒத்துக்கிட்டாங்க, ஆனா தேசப் பாதுகாப்புன்னு சொன்னதும் கவர்மெண்ட்தான் ஜெயிச்சுது. நமக்கு கடைசி அப்பீல் கோர்ட் இன்னமும் லண்டன்ல இருக்குற பிரிவி கவுன்சில், அதனால அந்தத் தீர்ப்புக்கு இங்கயும் மதிப்பு உண்டு. உங்க அரைநாள்ல தேசப் பாதுகாப்பு எங்க வந்துச்சு? எழுதிக் கேளுங்க. கோர்ட் லீவு வாங்கித் தரும்னு நம்பாதீங்க, ஆளுங்கள கேக்காம வழக்கத்த ஏன் எடுத்தீங்கன்னு கவர்மெண்ட்ட வேணா கேக்கும்.

கத்ர்போர்ன் அக்கா: அப்ப நம்மால ஒண்ணும் பண்ண முடியாதா?

பதில்: 1998ல வந்த ரூபா நோட்டு மறந்துபோச்சா அக்கா? ஆங்கிலம், தமிழ், அப்புறம் இந்தி, இதான் வழக்கமான வரிசை. நோட்டு அடிக்கிற பேங்க் ஆஃப் மொரிஷியஸ் புதுசா அடிச்சப்ப தமிழ இந்திக்கு கீழ எறக்கிடுச்சு. நம்மாளுங்க விடல, 1999ல அந்த நோட்டெல்லாம் வாபஸ். எறக்கறதுக்கும் புதுச் சட்டம் தேவைப்படல, ஏத்தறதுக்கும் தேவைப்படல. பர்ஸ்ல ஒரு நூறு ரூபா இருந்தா எடுத்து பாருங்க, நம்ம பழைய தலைவர் சீனிவாசன் படம் போட்டது, தமிழ் பழைய எடத்துலயே இருக்கும்.

போர்லூயி அண்ணே: 2017ல தேர்தலே இல்லாம அப்பா அனிருத் ஜக்நாத் மகன் பிரவிந்துக்கு பிரதமர் நாற்காலிய குடுத்தாரே?

பதில்: அது எழுதினதுதாண்ணே, நம்ம அரசியல் சாசனம் 59வது பிரிவு. சபைல மெஜாரிட்டி இருக்குற ஆள பிரசிடென்ட் நியமிக்கலாம். எனக்கும் பிடிக்கல, அது வேற.

ரோஸ்ஹில் தம்பி மறுபடி: ஐயா, சீக்கிரம் விட்டாங்கங்கறதுக்கு ஆதாரம் கேக்கறாங்க, அட்டெண்டன்ஸ் புக்கு அவங்க கையில.

பதில்: பழைய வாட்ஸப்ப தோண்டுங்க தம்பி. "கிளம்பிட்டேன், காவடிக்கு பூ வாங்கவா"ன்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பீங்கல்ல, தேதியும் மணியும் அதுலயே நிக்குது.