கணவருக்கு டயாலிசிஸ் தேவைப்படப் போகிறது, ஆஸ்பத்திரித் தேதி தள்ளிக்கொண்டே போகிறது: தோப்பை விற்கலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். என் கணவருக்கு 45 வயது. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 14 வருடமாக லேத் ஆபரேட்டர். சம்பளம் 18,500 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். சர்க்கரையால் இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டது. இன்னும் சில மாதங்களில் டயாலிசிஸ் ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அதற்குள் கையில் ஃபிஸ்டுலா போட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். இ.எஸ்.ஐ. வழியாகப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்: சர்ஜன் லீவு, கடிதத்தில் ஒரு சீல் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள். மூன்று மாதம் ஓடிவிட்டது. தனியாரில் 40,000 கேட்கிறார்கள். பேங்கில் 2 லட்சம் டெபாசிட், 7 பவுன் நகை, அவர் பேரில் ஒரு எல்.ஐ.சி. பாலிசி, பொள்ளாச்சிப் பக்கம் 45 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பை விற்றுவிட்டுத் தனியாரிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் என் அண்ணன். 9 லட்சத்துக்கு ஆள் வந்திருக்கிறது. இவரோ வேலையை விட்டுவிட்டு பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாம் என்கிறார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், நோயைச் சொல்லாமல் மெடிக்கல் பாலிசி போட்டுத் தருகிறேன் என்கிறார். மகள் பிளஸ் டூ. அவளை வேலைக்கு அனுப்பிவிடலாமா என்றுகூட யோசனை வருகிறது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். முதலில் எதைச் செய்வது?
- ஒரு வாசகி

பதில்:

சகோதரி, நீங்கள் கேட்டவற்றில் உடனே முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான். அது தோப்பு இல்லை, ஃபிஸ்டுலா. அதை முதலில் பேசிவிடுவோம்.

ஃபிஸ்டுலா என்பது கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருப்பார். அது போட்ட அன்றே பயன்படாது. சிரை பருத்து, ஊசி தாங்கும் அளவுக்குத் தேற குறைந்தது 6 வாரம் ஆகும், பலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதற்குள் உடம்பு மோசமாகி டயாலிசிஸ் தேவைப்பட்டால் கழுத்தில் குழாய் போட்டுத்தான் செய்வார்கள். கழுத்துக் குழாயில் கிருமி தொற்ற வாய்ப்பு அதிகம். தொற்றினால் குளிர் காய்ச்சல், அட்மிஷன், ஊசி மருந்து, சில சமயம் ஐ.சி.யூ. என்று நீளும். இன்று 40,000 என்று தயங்கும் செலவு அப்போது லட்சங்களில் வந்து நிற்கும். நாள்பட்ட நோயில் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் சிகிச்சையின் விலை இல்லை, சிகிச்சை தள்ளிப்போவதன் விலை. உங்கள் பணத் திட்டம் முழுவதும் இந்தத் தாமதத்தைக் குறைப்பதற்காகவே இருக்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். டாக்டர் எழுதிய சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இதுவரை கொடுத்த தேதிகள் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். 'ஃபிஸ்டுலா ஆபரேஷனுக்கு இன்ன தேதியில் எழுதிக் கொடுத்தார்கள், இன்ன இன்ன தேதிகளில் வந்தோம், நடக்கவில்லை, ஒப்பந்தத் தனியார் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தரவும்' என்று இருந்தால் போதும். தங்களிடம் செய்ய முடியாத சிகிச்சைக்கு ஒப்பந்த மருத்துவமனைக்கு அனுப்ப இ.எஸ்.ஐ.யில் வழி இருக்கிறது, அங்கே நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. மனுவின் நகலில் 'பெறப்பட்டது' என்று கையெழுத்தும் தேதியும் வாங்காமல் வராதீர்கள். வாய்மொழியாக 'அடுத்த மாசம் வாங்க' என்று சொல்லி அனுப்புவது சுலபம். கையில் தேதி போட்ட நகல் இருக்கும் ஆளிடம் அப்படிச் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அன்றே 1800 11 2526 என்ற இ.எஸ்.ஐ. கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணை அந்த நகலிலேயே எழுதி வையுங்கள்.

இதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். இவ்வளவு நாள் காத்திருக்கலாமா என்பதை உங்கள் சிறுநீரக டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர் கூடாது என்றால் அதுதான் முடிவு. இரண்டு வாரத்தில் தேதி கிடைக்காவிட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துத் தனியாரிலேயே போட்டுவிடுங்கள். முன் அனுமதி வாங்காமல் செய்தால் இ.எஸ்.ஐ.யிலிருந்து அந்தப் பணம் திரும்பி வரும் என்று நம்பியிருக்க முடியாது. வராது என்றே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் இது வீண் செலவில்லை.

செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. எந்தக் கையில் ஃபிஸ்டுலா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, இனிமேல் அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ டிரிப் ஏற்றவோ விடாதீர்கள். வழக்கமாக அதிகம் புழங்காத கையைத்தான் தேர்வு செய்வார்கள், வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கை. லேபில் அவசரத்தில் எந்தக் கை நீட்டப்படுகிறதோ அதில் ஊசி இறங்கிவிடும், நீங்கள்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி பற்றியும் இப்போதே கேளுங்கள், டயாலிசிஸ் தொடங்கும் முன் போட்டுக்கொள்வது நல்லது.

சரி, வேலை விஷயத்துக்கு வருவோம். உங்கள் கணவரிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்: ராஜினாமா கடிதம் எழுதவே கூடாது.

அவருடைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ. என்று 139 ரூபாய் பிடித்திருப்பார்கள். அது சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 600 ரூபாய்க்கு மேல், தனியாகக் கட்டுகிறார். நம் ஊரில் பலர் இ.எஸ்.ஐ. என்றால் காய்ச்சல் மாத்திரை என்றே நினைக்கிறார்கள். டயாலிசிஸும் அதில் அடக்கம். சிகிச்சை மட்டுமல்ல, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பணமும் உண்டு. சாதாரண நோய்க்கால உதவி, சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. உங்கள் கணக்கில் ஒரு முழு மாதத்துக்குச் சுமார் 12,950 ரூபாய். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால், நீண்டகால நோய்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அதில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் வரும் நோய்க்கு 80 சதவீதம், அதாவது மாதம் சுமார் 14,800 ரூபாய், அதிகபட்சம் 2 ஆண்டு வரை கிடைக்கும். இதற்கு 2 ஆண்டு தொடர் வேலை வேண்டும், அவருக்கு 14 ஆண்டு இருக்கிறது.

இந்தப் பணம் வருவது இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுக்கும் சான்றிதழை வைத்துத்தான். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டு, சான்றிதழ் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். நோய் லீவின் முதல் 2 நாளுக்குப் பணம் தர மாட்டார்கள். ஆனால் முந்தைய லீவு முடிந்து 15 நாளுக்குள் மறுபடி லீவு எடுத்தால் அந்தக் கழிவு கிடையாது. வாரம் இரண்டு மூன்று முறை போகப்போகிறவருக்கு இது நல்ல காசு.

பி.எஃப். பணத்துக்காக வேலையை விட வேண்டியதே இல்லை. வேலையில் இருந்துகொண்டே மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாம். யு.ஏ.என். எனும் பி.எஃப். உறுப்பினர் எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் இணைந்திருந்தால் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே கம்பெனி ஆபீஸில் கேளுங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்த நாளாகும். அவசரத்தில் அந்த வேலை பார்க்க முடியாது.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது தவறிவிட்டால், குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் காப்பீடு ஒன்று அதோடு சேர்ந்தே வருகிறது. இதற்குத் தனியாகத் தொழிலாளியிடம் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை. வேலையை விட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் பலர் அம்மா பெயரையே விட்டுவைத்திருப்பார்கள். எல்.ஐ.சி. பாலிசியையும் சரண்டர் செய்யாதீர்கள். இந்த நிலையில் அவருக்குப் புதிதாக ஆயுள் காப்பீடு கிடைப்பது மிகக் கடினம், இருப்பதை விட்டால் போனது போனதுதான். பணம் வேண்டுமென்றால் அந்தப் பாலிசி மேல் கடன் வாங்கலாம்.

முதலாளியிடம் நேரில் போய்ப் பேசுங்கள், முடிந்தால் நீங்களும் கூடவே போங்கள். நின்றபடி செய்யும் லேத் வேலை இனி முடியாமல் போகலாம். ஸ்டோர், டூல் ரூம், தரப் பரிசோதனை என்று உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறதா, டயாலிசிஸ் நாட்களில் ஷிஃப்ட் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். 14 வருட அனுபவம் உள்ள லேத் ஆபரேட்டரை இழப்பது கம்பெனிக்கும் நஷ்டம்தான்.

அடுத்தது தோப்பு. அண்ணன் அக்கறையில் சொல்கிறார், ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தனியாரில் ஒரு டயாலிசிஸ் 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் மூன்று என்ற கணக்கில் மாதம் 13 முறை, 23,400 ரூபாய். ரத்தம் குறையாமல் இருக்கப் போடும் ஊசி, மாத்திரை, ரத்தப் பரிசோதனை, ஆட்டோ எல்லாம் சேர்ந்தால் 30,000 வரும். 9 லட்சம் இரண்டரை வருடத்தில் தீர்ந்துவிடும். அப்போது அவருக்கு 48 வயதுகூட முடிந்திருக்காது. மாதாமாதம் வரும் செலவுக்கு நிலத்தை விற்கக் கூடாது. அந்தச் செலவை இ.எஸ்.ஐ. தலையில்தான் வைக்க வேண்டும், அதற்காக எவ்வளவு அலைந்தாலும் சரி. நாளைக்கு உறவில் ஒருவர் கிட்னி தந்து மாற்று ஆபரேஷன் என்று வந்தால், அது ஒருமுறைச் செலவு. அன்றைக்கு வேண்டுமானால் தோப்பைப் பற்றிப் பேசலாம். அதுவரை தேங்காய்க் காசு வரட்டும்.

மாற்று ஆபரேஷன் என்றதும் புரோக்கர்கள் மோப்பம் பிடித்து வருவார்கள். காசு கொடுத்துக் கிட்னி வாங்குவது 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வாங்குபவருக்கும் சிறைத் தண்டனை உண்டு. உறவில் தானம் தர யாரும் இல்லை என்றால், மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் மருத்துவமனை வழியாகப் பதிவு செய்ய வேண்டும். எப்போது பதிவு செய்யலாம் என்று டயாலிசிஸ் ஆரம்பித்ததுமே கேட்டு வையுங்கள். அந்த வரிசை நீளமானது.

2 லட்சம் டெபாசிட்டை இரண்டாகப் பிரியுங்கள். 75,000 ரூபாயை உங்கள் இருவர் பெயரிலும் உள்ள சேமிப்புக் கணக்கில் வையுங்கள், ஏ.டி.எம். கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். இது தாமதத்தை உடைக்க மட்டும்: ஃபிஸ்டுலா, ஆஸ்பத்திரியில் மெஷின் இல்லாத ஒரு வாரத்தில் வெளியே செய்யும் டயாலிசிஸ், ராத்திரி மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் எடுக்கும் கார். மீதி 1,25,000 அசையக் கூடாது. நகையை அடகு வைக்க நேர்ந்தால் கூட்டுறவு வங்கிக்கோ அரசு வங்கிக்கோ போங்கள், அவசரத்துக்குத் தெருமுனை வட்டிக்கடையில் வைக்காதீர்கள். மாதாந்தர மாத்திரைகளை முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள், விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பிராண்ட் மாற்றுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேலையே போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும். அப்படி வந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு மாற வேண்டும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கேட்பார்கள். எந்தெந்த மருத்துவமனை என்று 1800 425 3993-ல் சொல்வார்கள். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ் உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். அதற்கான திரவப் பைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பஸ் ஏறி அலைய வேண்டாம், உங்கள் தையலும் நிற்காது.

ஏஜென்ட் சொன்னதை மறந்துவிடுங்கள். நோயை மறைத்து எடுத்த பாலிசியில் க்ளெய்ம் போகும்போது பழைய ரிப்போர்ட் எல்லாம் வெளியே வரும், கட்டிய பிரீமியமும் போகும், பாலிசியும் ரத்தாகும். நோயைச் சொன்னாலும் இந்தக் கட்டத்தில் அநேகமாகக் கொடுக்க மாட்டார்கள். அப்படியே கொடுத்தாலும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்ல முடியும். அந்த ஏஜென்டிடம் உங்களுக்கும் மகளுக்கும் மட்டும் ஒரு பாலிசி கேளுங்கள். இ.எஸ்.ஐ. உங்களையும் காக்கிறது, ஆனால் அது ஒருவருடைய வேலையில் தொங்குகிறது. தனிநபர் மருத்துவ பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தாதீர்கள். அவள் இன்று கொண்டுவரும் சம்பளம் டயாலிசிஸ் செலவுக்குக் காணாது, படித்து முடித்த பின் கொண்டுவரப்போவதுதான் இந்த வீட்டை நிமிர்த்தும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், தொழிற்கல்விக்கு அதில் கட்டணச் சலுகை உண்டு. மனுவையும் புகாரையும் எழுத அவளையே கூட வைத்துக்கொள்ளுங்கள், ஃபோனில் பதிவு செய்வதை உங்களைவிட வேகமாகச் செய்வாள். மனு கொடுத்து இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால், அந்த நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்து யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்கிறேன்.